நவச்சாரப் புகை

நம் சிறுவயதில் ஆண்டுக்கு ஓரிரு முறை ஈயம் பூசுகிறவர் எங்கள் தெருவுக்கு வருவார். வேப்ப மரத்தடியில் குழி தோண்டித் துருத்தியைப் பொருத்திக் கரியை மூட்டுவார். வீடுகளிலிருந்து வந்து குவியும் பித்தளைப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக நெருப்பின் மேல் திருப்பித் திருப்பிக் காட்டுவார். பாத்திரம் போதிய சூடேறியதும் ஒரு வெள்ளைப் பொடியைத் துணியில் தொட்டு உள்ளே தேய்ப்பார். குபீரென்று வெண்புகை எழும். நெடி மூக்கைத் துளைக்கும். புகை அடங்குவதற்குள் ஈயத்தை ஓர் இழுப்பு, துணியால் ஒரு சுழற்று. மஞ்சள் மறைந்து பாத்திரம் வெள்ளி போல மின்னும். அந்தப் பொடிக்கு நவச்சாரம் என்று பெயர். அந்தப் புகையைக் காண்பதற்காகவே பள்ளிக்கு மட்டம் போட்ட நாள்கள் உண்டு.

நவச்சாரம் சூட்டில் எவ்வாறு ஆவியாகிறது என்பது குறித்து ஜெர்மானியர் ஒருவர் 1869-இல் எழுதிய கட்டுரையில்தான் வேதியியலுக்குள் என்ட்ரோபி அடியெடுத்து வைக்கிறது. இதை அறிந்துகொள்ள நமக்கு நாற்பது வயது கடக்க வேண்டியிருந்தது.

அறிந்த விதம் சற்று வெட்கத்துக்குரியது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றிதழில் புதுக்கவிதையின் வடிவச் சிதைவு பற்றி நாம் ஒரு கட்டுரை எழுதியிருந்தோம். அதில் என்ட்ரோபி என்னும் சொல்லை ஐந்தாறு இடங்களில் தாராளமாகப் பயன்படுத்தியிருந்தோம். ஒழுங்கு குலைந்து எல்லாம் சீரழிவை நோக்கிச் செல்வதே பேரண்டத்தின் விதி, கவிதையும் அதற்கு விலக்கன்று என்பது சாரம். இலக்கிய நண்பர்கள் பாராட்டினார்கள். எங்கள் கல்லூரி வேதியியல் துறையின் மூத்த பேராசிரியர் மட்டும் ஒன்றும் சொல்லாமல் மறுநாள் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்தார். ஒரு கண்ணாடிக் குவளையில் பாதி நீர் ஊற்றி, வெள்ளைப் பொடி ஒன்றை ஒரு பிடி அள்ளிப் போட்டுக் கலக்கி, “தொட்டுப் பாருங்கள் ஐயா” என்றார். குவளை சில்லிட்டிருந்தது. வெளிப்புறத்தில் நீர் முத்து முத்தாக அரும்பத் தொடங்கியிருந்தது.

“இது நவச்சாரம். கரையும்போது சுற்றியுள்ள வெப்பத்தைத் தானே உறிஞ்சிக்கொள்கிறது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீர் ஓடுவது இயல்பு. இது பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏறுகிறதே, யார் ஏற்றிவிட்டது? இதற்கு விடை சொல்லிவிட்டு அந்தச் சொல்லை எழுதுங்கள்” என்றார்.

நம்மிடம் விடை இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை வேதியியலாரிடமும் இல்லை என்று பின்னர் படித்தபோது சற்றே ஆறுதலாக இருந்தது.

உப்பு கரைந்து நீர் குளிர்வது பழைய செய்திதான். வெடியுப்பைக் கொண்டு குடிநீரைக் குளிர்வித்த முறை அக்பரின் அரண்மனையில் வழங்கியதை அபுல் ஃபஸல் அயினி அக்பரியில் பதிவு செய்திருக்கிறார். ஆனால் செய்தி தெரிந்திருப்பது வேறு, அது ஒரு கோட்பாட்டின் தொண்டையில் முள்ளாகச் சிக்குவது வேறு. சிக்குவதற்கு முதலில் ஒரு கோட்பாடு வேண்டும். அதை வழங்கியவர்கள் இருவர். டென்மார்க்கின் ஜூலியஸ் தாம்சென் 1854-இலும், பிரான்சின் மார்சலன் பெர்த்தலோ 1860-களிலிருந்து 1870-கள் வரை படிப்படியாகவும் ஒரே கருத்தை முன்வைத்தனர். பொருள்கள் தாமாக வினைபுரியும்போது மிக அதிக வெப்பத்தை வெளியிடும் திசையிலேயே வினை செல்லும் என்பது அது. பெர்த்தலோ இதற்குப் பெரும வேலைத் தத்துவம் என்று பெயரிட்டு 1879-இல் இரண்டு பெருந்தொகுதிகளாக நூல் எழுதினார். வெப்பம் உமிழும் வினை, வெப்பம் கொள்ளும் வினை என்று இன்று பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் பாகுபாட்டுக்குப் பெயர் சூட்டியவரும் அவரே. வினைகளின் வெப்பத்தை அளப்பதற்காக அவர் செய்த வெடிகலக் கலோரிமானியின் வழிவந்த கருவிகள் இன்றும் ஆய்வுக்கூடங்களில் உள்ளன.

கோட்பாடு எளியது, பெரும்பாலான வினைகளுக்குப் பொருந்தவும் செய்தது. கரி எரிகிறது, இரும்பு துருப்பிடிக்கிறது, அமிலமும் காரமும் கலந்து சுடுகின்றன. ஆனால் இந்தக் கோட்பாட்டின்படி நவச்சாரம் நீரில் கரையவே கூடாது. பெர்த்தலோ இதற்கு ஒரு சமாதானம் வைத்திருந்தார். கரைதல் வேதிவினையன்று, அது பௌதிக நிகழ்வு. ஆகவே தத்துவத்தின் எல்லைக்குள் வராது என்பார். சூடேற்றினால் ஒரு பொருள் பிரிகிறதே என்றால், அது வெளியிலிருந்து புகுந்த அந்நிய ஆற்றலின் செயல் என்பார். விதிக்கு அடங்காததையெல்லாம் புறனடையில் தள்ளிவிடும் இலக்கண ஆசிரியரை நாம் அறிவோம். ஆனால் புறனடை நூற்பாவை விட நீண்டுவிட்டால் நூற்பாவின் மேல்தானே ஐயம் எழ வேண்டும்?

விடை வேதியியலுக்கு வெளியே, நீராவி எந்திரத்திலிருந்து கிளம்பி வந்துகொண்டிருந்தது. பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோ 1824-இல் வெளியிட்ட சிறு நூல் ஒன்றில், எந்திரம் வேலை செய்ய வெப்பம் மட்டும் போதாது, சூடான ஓரிடமும் குளிர்ந்த ஓரிடமும் வேண்டும் என்று காட்டினார். அவர் 1832-இல் தமது 36-ஆம் வயதில் காலராவில் இறந்தார். அவருடைய நூலை அன்று படித்தவர் சிலரே. கிளாபெரோன் 1834-இல் அதைக் கணித வடிவில் எடுத்துச் சொன்னார். பின்னர் 1850-இல் ருடால்ஃப் கிளாசியஸ் கையில் எடுத்தார். பதினைந்து ஆண்டுகள் அவர் அதையே உருட்டிக்கொண்டிருந்தார் எனலாம். சூரிச் நகரில் 1865-இல் படித்த கட்டுரையில்தான் அந்தச் சொல் பிறந்தது.

கணக்கு மிக எளியது. ஒரு பொருள் பெறும் வெப்பத்தை அப்போது அது இருக்கும் தனிவெப்பநிலையால் வகுத்தால் அதன் என்ட்ரோபி எவ்வளவு கூடியது என்று கிடைக்கும். வெப்பம் சிறுகச் சிறுக, திரும்பவும் கொண்டுசெல்லத்தக்க விதத்தில் செல்ல வேண்டும் என்பது நிபந்தனை. 600 கெல்வினில் உள்ள ஒரு பொருளிலிருந்து 600 ஜூல் வெப்பம் 300 கெல்வினில் உள்ள இன்னொன்றுக்குப் போவதாகக் கொள்வோம். இரண்டும் பெரியவை, இந்தச் சிறு வெப்பத்தால் அவற்றின் வெப்பநிலை மாறாது. முன்னது இழப்பது 1 பங்கு. பின்னது பெறுவது 2 பங்கு. ஆற்றல் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆனால் இந்த இரண்டாவது பேரேட்டில் 1 பங்கு புதிதாகத் தோன்றிவிட்டது. அதே நூறு ரூபாய் செல்வர் பெட்டியில் விழுவதற்கும் அன்றாடங்காய்ச்சியின் கையில் விழுவதற்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. வெப்பம் எதிர்த்திசையில் தானாகச் செல்லாது, ஏனெனில் அப்போது கூட்டுத்தொகை குறைய வேண்டும். தானாக நடக்கும் எதிலும் இந்தக் கூட்டுத்தொகை குறையாது என்பதே கிளாசியஸ் கண்டது.

பெயர் வைத்த கதையைத் தமிழாசிரியர் என்ற முறையில் சற்று நின்று பார்க்க விரும்புகிறோம். கிளாசியஸ் தம் தாய்மொழியான ஜெர்மனில் பெயரிடவில்லை. முக்கியமான அறிவியல் அளவுகளின் பெயர்கள் பழைய மொழிகளிலிருந்து வந்தால் இன்றைய எல்லா மொழிகளிலும் ஒரே சொல்லாக வழங்கும் என்பது அவர் எண்ணம். மாற்றம், திரும்புதல் என்னும் பொருளுடைய திரோபே என்ற கிரேக்கச் சொல்லை எடுத்து, எனர்ஜி என்னும் சொல்லுக்கு ஒலியிலும் அமைப்பிலும் இணையாக இருக்கும்படி என்ட்ரோபி என்று ஆக்கினார். உள்ளே நிகழும் திரும்பல் என்று பொருள் கொள்ளலாம். ஒழுங்கின்மை என்றோ சீரழிவு என்றோ பொருள்தரும் எதுவும் அந்தச் சொல்லில் இல்லை. தமிழில் திரிதல் என்னும் சொல்லுக்குச் சுழல்வது, வேறாவது என இரு பொருளும் உண்டு. பால் திரிந்தது என்கிறோம். புணர்ச்சியில் எழுத்துத் திரிந்தது என்கிறோம். ஒலி ஒப்புமை தற்செயல்தான், அதை வைத்துச் சொல்லாராய்ச்சி செய்பவர்களின் கூட்டத்தில் நாம் இல்லை. எனினும் நம்மைக் கேட்டிருந்தால் உள்திரிபு என்று சொல்லியிருப்போம். யாரும் கேட்கவில்லை. நம் பாடநூல்களில் என்ட்ரோபியே நிலைத்துவிட்டது. கிளாசியஸ் விரும்பியதும் அதுதானே.

சொல் பிறந்த சில ஆண்டுகளிலேயே பிரித்தானியாவில் குழப்பம் நேர்ந்தது. டேட் என்பவர் 1868-இல் அதை நேர் எதிர்ப்பொருளில், வேலைக்குப் பயன்படக்கூடிய ஆற்றல் என்ற பொருளில் கையாண்டார். அவரை நம்பி மாக்ஸ்வெல்லும் 1871-இல் வெளிவந்த தம் வெப்ப நூலில் அவ்வாறே எழுதி, பிற்பதிப்பில் திருத்தினார். மாக்ஸ்வெல்லுக்கே அந்தக் கதி என்றால் சிற்றிதழ்க் கட்டுரையாளர் எம்மாத்திரம்?

இனி நவச்சாரத்துக்கு வருவோம். அவுகுஸ்ட் ஹோர்ஸ்ட்மன் 1842-இல் மன்ஹைமில் பிறந்தவர். ஹைடெல்பெர்கில் வேதியியல் பயின்றார். சூரிச் சென்று கிளாசியஸிடமும் பாடம் கேட்டார். சிறுவயது முதலே கண்பார்வை குன்றியவர். நுண்கருவிகளோடு மல்லாடும் ஆய்வு அவருக்கு இயலவில்லை. ஆகவே பிறர் அளந்து வைத்தவற்றை எண்ணிப் பார்ப்பதையே தம் பணியாக்கிக்கொண்டார்.

நவச்சாரத்தின் ஆவி அன்று ஒரு பெரும் புதிராக இருந்தது. அதன் அடர்த்தி எதிர்பார்த்ததில் பாதிதான் இருந்தது. அவகாட்ரோவின் கொள்கையே தவறோ என்று சிலர் ஐயுற்றனர். சூட்டில் அது அம்மோனியா, ஹைட்ரஜன் குளோரைடு என்னும் இரண்டு வாயுக்களாகப் பிரிகிறது, ஆகவே ஒன்று இரண்டாகி அடர்த்தி பாதியாகிறது என்பது இன்னொரு சாராரின் விளக்கம். இலேசான அம்மோனியா நுண்துளைகளின் வழியே விரைவாகக் கசிந்து வெளியேறுவதைப் பெபால் 1862-இல் காட்டி இரண்டாவது கட்சிக்கு வலுச் சேர்த்தார். எங்கள் தெருவில் நடந்ததும் இதுவே. பிரிந்த ஹைட்ரஜன் குளோரைடு பித்தளை மேல் படிந்திருந்த ஆக்சைடைத் தின்று ஈயம் பிடிக்க இடம் செய்தது. எஞ்சியது அம்மோனியாவோடு மேலே சென்று குளிர்ந்த காற்றில் மறுபடியும் கூடியது. நாம் வாய்பிளந்து பார்த்த வெண்புகை மீண்டும் பிறந்த நவச்சாரமேதான்.

இந்தப் பிரிதலில் ஹோர்ஸ்ட்மனைக் கவர்ந்தது அது நின்றுவிடும் தன்மை. மூடிய கலத்தில் குறிப்பிட்ட வெப்பநிலையில் வைத்தால் ஆவியின் அழுத்தம் ஓர் அளவுவரை ஏறி நின்றுவிடுகிறது. வெப்பநிலையைக் கூட்டினால் இன்னும் சற்று ஏறி மறுபடியும் நிற்கிறது. சுண்ணாம்புக்கல்லும் இப்படியே நடந்துகொள்வதைத் தெப்ரே 1867-இல் அளந்திருந்தார். வெப்பம் மட்டுமே திசையைத் தீர்மானிப்பதானால் வினை ஒன்று முழுதும் நடக்க வேண்டும், அன்றேல் நடக்கவே கூடாது. பாதியில் நிற்பதற்குப் பெர்த்தலோவின் கணக்கில் இடமே கிடையாது.

நீர் கொதிப்பதற்கு எழுதப்பட்ட அதே சமன்பாடு நவச்சாரத்தின் ஆவியழுத்தத்துக்கும் பொருந்துகிறது என்று ஹோர்ஸ்ட்மன் 1869-இல் காட்டினார். பிரிதல் பற்றிய கோட்பாட்டை 1873-இல் வெளியிட்டபோது இன்னும் துணிந்து சொன்னார். என்ட்ரோபி எங்கே உச்சத்தை எட்டுகிறதோ அங்கே வினை நிற்கும். திண்மம் வாயுவாகப் பிரியப் பிரிய என்ட்ரோபி கூடுகிறது. அதே வேளையில் வினைக்கு வேண்டிய வெப்பத்தைக் கொடுத்துச் சுற்றுப்புறம் தன் என்ட்ரோபியில் ஒரு பங்கை இழக்கிறது. தொடக்கத்தில் வரவு அதிகம், செலவு குறைவு. கலத்தில் வாயு நெருக்கமாக ஆக, புதிதாகச் சேரும் வாயுவுக்குப் பரவ இடம் குறைகிறது, வரவும் குறைகிறது. வரவும் செலவும் சமமாகும் புள்ளியில் அழுத்தம் நிலைக்கிறது. எரிமலை வாயிலும் ஈயம் பூசும் குழியிலும் செல்லுபடியாகும் ஒரு விதியை, நன்றாகக் கண் தெரியாத ஒருவர் மேசையருகே அமர்ந்து கண்டுபிடித்தார்.

வேதியியல் நண்பர் நமக்காக ஒரு தாளில் போட்டுக் காட்டிய கணக்கை இங்கே தருகிறோம். ஒரு மோல் நவச்சாரம் இரண்டு வாயுக்களாகப் பிரிய ஏறத்தாழ 176 கிலோஜூல் வெப்பம் வேண்டும். பிரிந்தால் அதன் என்ட்ரோபி கெல்வினுக்கு 285 ஜூல் கூடுகிறது. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 618 கெல்வின், அதாவது 345 பாகை செல்சியஸ். வெப்பநிலையோடு இந்த எண்களும் சற்று மாறும் என்பதை விட்டுவிட்ட தோராயம் இது. ஆனாலும் கையேடுகளைப் புரட்டினால் நவச்சாரம் ஆவியாகும் நிலை ஏறத்தாழ 340 பாகை என்றுதான் இருக்கிறது. பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏறிய குவளைக்கும் இதே கணக்குத்தான். கரைய வேண்டிய வெப்பம் ஒரு மோலுக்குச் சுமார் 15 கிலோஜூல். கரைவதால் கூடும் என்ட்ரோபி கெல்வினுக்குச் சுமார் 75 ஜூல். அறையின் 298 கெல்வினால் பெருக்கினால் 22 கிலோஜூலுக்கு மேல். வரவு 22, செலவு 15. நவச்சாரம் தயங்காமல் கரைகிறது. யாரும் அதை மேட்டில் ஏற்றிவிடவில்லை. நாம்தான் மேடு எது பள்ளம் எது என்று தவறான அளவுகோலால் அளந்துகொண்டிருந்தோம்.

இந்தக் கணக்கின் முழு இலக்கணத்தையும் எழுதியவர் அமெரிக்காவின் வில்லர்டு கிப்ஸ். யேல் பல்கலைக்கழகத்தில் 1871 முதல் பல ஆண்டுகள் ஊதியமின்றிப் பேராசிரியராக இருந்தவர். 1876 முதல் 1878 வரை கனெக்டிகட் கழகத்தின் வெளியீட்டில், ஐரோப்பாவில் வெகுசிலரே புரட்டும் ஓர் இதழில், ஏறத்தாழ 300 பக்கங்களும் 700 சமன்பாடுகளுமாக அதை அச்சேற்றினார். வெப்பத்தையும் என்ட்ரோபியையும் ஒன்றாகக் கணக்கிட்டு வினையின் திசையைச் சொல்லும் அளவுக்குக் கட்டிலா ஆற்றல் என்று இன்று பெயர். அதை அவர் பெயராலேயே வழங்குகிறோம். ஆஸ்வால்டு அதை ஜெர்மனில் பெயர்த்தது 1892-இல், லெ ஷத்தலியே பிரெஞ்சில் தந்தது 1899-இல். இடைப்பட்ட காலத்தில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1882-இல் ஏறத்தாழ அதே முடிவுகளைத் தாமே சென்றடைந்தார். சிற்றிதழில் எழுதுகிறவர்களுக்குக் கிப்ஸின் கதை ஒரு தனி ஆறுதல்.

பிரான்சில் இந்தச் செய்தியை முதலில் உரக்கச் சொன்ன இளைஞருக்கு நேர்ந்ததை நாம் எளிதில் கடக்க முடியவில்லை. பியர் டுஹெம் 1861-இல் பிறந்தவர். ஈகோல் நார்மலில் மாணவராக இருக்கும்போதே, 1884-இல், வேதியியலுக்கு வெப்ப இயக்கவியலைப் பொருத்தி ஒரு முனைவர் பட்ட ஆய்வேட்டை அளித்தார். வினையின் திசையைத் தீர்மானிப்பது வெப்பம் அன்று, என்ட்ரோபியையும் உள்ளடக்கிய ஓர் ஆற்றல் நிலையே என்பது அதன் மையம். பெரும வேலைத் தத்துவத்தின் அடித்தளத்தையே அது தகர்த்தது. லிப்மன் தலைமையிலான குழு அதை நிராகரித்தது. பெர்த்தலோ அன்று பிரெஞ்சு அறிவியலின் கொற்றக்குடை. 1886 இறுதியில் கல்வி அமைச்சரானார். 1889 முதல் அறிவியல் கழகத்தின் நிரந்தரச் செயலர். பின்னர் வெளியுறவு அமைச்சராகவும் இருந்தார். இந்த இளைஞன் பாரிசில் ஒருபோதும் பாடம் சொல்ல மாட்டான் என்று அவர் கூறியதாக ஒரு வாய்மொழிச் செய்தி வழங்குகிறது. சொன்னாரோ இல்லையோ, நடந்தது அதுதான்.

டுஹெம் பணியவில்லை. நிராகரிக்கப்பட்ட ஆய்வேட்டை 1886-இல் நூலாக அச்சிட்டார். பட்டம் பெறுவதற்காகக் காந்தவியலில் வேறோர் ஆய்வேடு எழுதி 1888-இல் வென்றார். லீல், ரென், போர்தோ என்று வெளியூர்களிலேயே பணியாற்றினார். பாரிசில் அறிவியல் வரலாற்றுக்கு ஓர் இருக்கை கிடைக்கும் வாய்ப்பு வந்தபோது தாம் இயற்பியலார், புழக்கடை வழியாக நுழைய மாட்டோம் என்ற தோரணையில் மறுத்துவிட்டார். பெர்த்தலோ 1894-இல் தம் தத்துவத்தை என்ட்ரோபியோடு இணக்கப்படுத்தி ஒரு கட்டுரை எழுதினார். பெரியவர் இறங்கி வந்தார் என்று ஊர் மெச்சியிருக்கலாம். டுஹெமின் பேனா 1897-இல் அதற்கும் சேர்த்துப் பதில் சொன்னது. நாம் கல்லூரிகளில் ஆய்வேடுகளின் விதியை அருகிருந்து கண்டவர்கள். துறைத்தலைவரின் நூலை மறுத்து எழுதிய ஆய்வேடு ஒன்று ஆண்டுக்கணக்கில் மேசையறையில் உறங்கியதையும், மாணவர் வேறு தலைப்புக்கு மாறியதையும் பார்த்திருக்கிறோம். அவர் டுஹெம் போல நூலாக அச்சிடவில்லை. அச்சிடப் பணம் வேண்டுமே.

ஒரு விநோதத்தையும் சொல்ல வேண்டும். பெர்த்தலோ அணுக்களை நம்பாதவர். அவரை எதிர்த்த டுஹெமும் அணுக்களை நம்பாதவர். என்ட்ரோபியின் உட்பொருளோ அணுக்களைக் கொண்டுதான் விளங்கியது. லுட்விக் போல்ட்ஸ்மன் 1877-இல் அதைச் செய்தார். வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி தோன்றும் ஒரு நிலையை, உள்ளே அணுக்களும் அவற்றின் ஆற்றலும் எத்தனை விதங்களில் அமைந்து உண்டாக்க முடியும் என்று எண்ணினார். விதங்கள் எவ்வளவு மிகுதியோ என்ட்ரோபி அவ்வளவு மிகுதி. வியன்னாவில் அவர் கல்லறை மேல் பொறிக்கப்பட்டிருக்கும் சமன்பாடு இதையே சொல்கிறது; அந்த வடிவில் அதை எழுதியவர் பிளாங்க். போல்ட்ஸ்மன் 1906 செப்டம்பரில் துயினோ என்னும் கடலோர ஊரில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அணுக்கொள்கைக்கு எழுந்த எதிர்ப்பே காரணம் என்று எழுதுவது இலக்கியக் கூட்டத்தாரின் வழக்கம். நெடுங்காலம் மனநோயால் வருந்திய ஒருவரின் முடிவை ஒரு விவாதத்தின் கணக்கில் எழுதிவிட நமக்கு மனம் வரவில்லை.

எண்ணுதல் வெறும் உவமையன்று என்பதற்குப் பனிக்கட்டியைப் போல நல்ல சான்று வேறில்லை. படிகம் என்றால் ஒழுங்கு. தனிச்சுழி வெப்பநிலையை நெருங்கும்போது அதன் என்ட்ரோபி சுழியமாக வேண்டும். ஆனால் பனிக்கட்டியில் ஒரு மிச்சம் விழுந்தது. பாலிங் 1935-இல் காரணம் சொன்னார். ஆக்சிஜன்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தாலும், ஒவ்வோர் ஆக்சிஜனைச் சுற்றியும் ஹைட்ரஜன்கள் இரண்டு அருகிலும் இரண்டு தொலைவிலும் இருக்க வேண்டும் என்னும் ஒரே விதிக்குள் எண்ணற்ற விதங்களில் அமையலாம். காகிதத்தில் எண்ணி அவர் சொன்ன மிச்சம் மோலுக்குக் கெல்வினுக்கு 3.37 ஜூல். ஜியோக்கும் ஸ்டவுட்டும் 1936-இல் அளந்து கண்டது 3.4. கண்ணாடி போன்ற படிகத்துக்குள் இத்தனை விதங்கள் உறைந்து கிடக்கின்றன.

நடைமுறையில் இந்தக் கணக்கு சோற்றோடு தொடர்புடையது. நைட்ரஜனும் ஹைட்ரஜனும் கூடி அம்மோனியா ஆகும்போது வெப்பம் வெளிப்படுகிறது. ஆனால் நான்கு மூலக்கூறுகள் இரண்டாகி என்ட்ரோபி குறைகிறது. இரண்டும் சமமாகும் இடம் ஏறத்தாழ 190 பாகை செல்சியஸ். அதற்கு மேல் போகப் போக விளைச்சல் தேயும். கீழேயோ வினை நகரவே மறுக்கும். வால்டர் நெர்ன்ஸ்ட் 1906-இல் தம் வெப்பத் தேற்றத்தை வெளியிட்டபின் அதன் துணைகொண்டு ஃப்ரிட்ஸ் ஹேபரின் அளவீடுகளைக் குறைகூறினார். 1907-இல் ஹாம்பர்கில் நடந்த மாநாட்டில் அது வெளிப்படையான சண்டையாயிற்று. சினந்த ஹேபர் மீண்டும் அளந்தார், அழுத்தத்தைக் கூட்டினார். 1909-இல் லெ ரொசிஞோலோடு சேர்ந்து ஏறத்தாழ 200 வளிமண்டல அழுத்தத்தில் அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக வடித்துக் காட்டினார். வாயுவை நெருக்கினால் என்ட்ரோபிச் செலவு குறையும் என்பதே அதன் சூட்சுமம். அதே நெர்ன்ஸ்ட் தேற்றத்தின் இன்னொரு விளைவு நம்மைப் புன்னகைக்க வைத்தது. தனிச்சுழி வெப்பநிலையை நெருங்க நெருங்க என்ட்ரோபியின் பங்கு மறைந்து பெர்த்தலோவின் தத்துவம் சரியாகிவிடும். அவர் மறைவதற்கு முந்தைய ஆண்டில் இந்தக் கௌரவம் கிடைத்தது.

ஒழுங்கின்மை என்னும் சொல் எங்கிருந்து வந்தது? ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1882-இல் அந்தப் பொருளில் எழுதினார், போல்ட்ஸ்மனும் கையாண்டார். பிறகு பாடநூல்களில் கலைந்த மேசையும் குலுக்கிய சீட்டுக்கட்டும் படங்களாயின. அமெரிக்க வேதியியல் ஆசிரியர் ஃபிராங்க் லாம்பர்ட் ஓய்வு பெற்ற பின்னர், எண்பது வயதை ஒட்டி, இதை எதிர்த்து எழுதத் தொடங்கினார். 1999-இல் வந்த அவருடைய கட்டுரையின் வாதம் எளியது. சீட்டுக்கட்டைக் குலுக்குவதால் அதன் வெப்ப இயக்கவியல் என்ட்ரோபி மாறுவதில்லை. என்ட்ரோபி நம் கண்ணுக்குத் தெரியும் கலைதலை அளப்பதன்று. ஆற்றல் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை அளப்பது. அடுத்து வந்த ஆண்டுகளில் பல அமெரிக்கப் பாடநூல்கள் ஒழுங்கின்மையைக் கைவிட்டு ஆற்றல் பரவலுக்கு மாறின. லாம்பர்ட் 2018-இல் நூறு வயதில் மறைந்தார்.

நண்பர் நம்மை அனுப்பும் முன் இன்னொரு குவளையைக் காட்டினார். தெளிந்த கரைசல், ஒரு சிறு துணுக்கைப் போட்டதும் ஊசி ஊசியாகப் படிகம் ஓடிக் கணத்தில் கல்லாயிற்று. தொட்டால் சுட்டது. “ஒழுங்கு பிறந்துவிட்டது ஐயா. என்ட்ரோபி குறைந்ததா?” என்றார். இந்த முறை நம்மால் சொல்ல முடிந்தது. குவளைக்குள் குறைந்தது, சுட்ட கை வழியாகவும் காற்று வழியாகவும் வெளியே அதைவிட மிகுதியாகக் கூடியது.

அந்தக் கட்டுரைக்கு ஒரு திருத்தம் அனுப்ப வேண்டும் என்று எழுதியும் வைத்தோம். ஆனால் அந்தச் சிற்றிதழ் அடுத்த இதழோடு நின்றுபோயிற்று. ஆகவே இங்கே.